நிலத்தை எடுக்கும் முன் கணக்கை எழுதுங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத் திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நம் மாவட்டத்துக்கு ஒரு புதிய தொழிற்சாலை வருகிறது என்றால் செய்தியில் மூன்று எண்கள் தவறாமல் இருக்கும். எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஏக்கர் நிலம். முதல் இரண்டுக்கும் விளக்கம் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். ஏக்கர் மட்டும் வெறும் எண்ணாக நிற்கும். அந்த ஏக்கரில் இன்று என்ன விளைகிறது, அதில் எத்தனை பேர் கூலி வாங்குகிறார்கள், அதிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு பணம் சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போகிறது என்று எந்தக் காகிதத்திலும் எழுதப்படுவதில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட், அதாவது அரசின் தொழிற்பேட்டை, வந்தது. அசோக் லேலண்டும், டி.வி.எஸ்ஸும், டைட்டனும் வந்தபிறகு இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ தலை நிமிர்ந்தன. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. மழை பெய்யாவிட்டாலும் அந்தச் சம்பளம் வரும். விவசாயம் செய்யும் எவருக்கும் அதன் அருமை தெரியும். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் விவசாயிகளும் உண்டு. ரோஜாவை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் இன்று அதற்கு பெங்களூருவின் மறு கோடியில் இருக்கும் தேவனஹள்ளி வரை போக வேண்டியிருக்கிறது.

என் வருத்தம் வேறு. வளர்ச்சி என்று நீங்கள் போடும் கணக்கில் விவசாயம் பாதிதான் ஏறுகிறது. ஒரு ஏக்கர் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். ராயக்கோட்டை, சூளகிரிப் பக்கம் தக்காளி போடுகிறவர் முதலில் நாற்றுப் பண்ணைக்குப் போகிறார். ஏக்கருக்கு ஆறாயிரம், ஏழாயிரம் நாற்று. அந்தப் பண்ணையில் குழித்தட்டில் விதை போடுவதும் தண்ணீர் தெளிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அப்புறம் மேட்டுப்பாத்தி பிடிக்க டிராக்டர், மூடாக்குப் போட பிளாஸ்டிக் ஷீட், சொட்டுநீர்க் குழாய், அதைப் பொருத்த ஆள். செடி முழங்கால் உயரம் வந்ததும் குச்சி நட வேண்டும். அந்தக் குச்சியை ஒருவர் வெட்டி வண்டியில் கொண்டுவந்து விற்கிறார். பிறகு நூல் கட்டுவது, களை எடுப்பது, மருந்து அடிப்பது. இரண்டு மாதம் தாண்டினால் காய் பறிப்பு. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பறிப்பு என்று அது ஒன்றரை, இரண்டு மாதம் ஓடும். ஒவ்வொரு பறிப்புக்கும் ஆள் கூலி, காய் அடுக்கும் கிரேட் பெட்டி, வேன் வாடகை. மண்டிக்குப் போனால் இறக்குக் கூலி, ஏலம், கமிஷன், தரம் பிரிக்கிறவர், மறுபடி ஏற்றுக் கூலி, சென்னைக்கோ கேரளாவுக்கோ போகும் லாரி. மண்டி வாசலில் டீக்கடை, டயர்க் கடை, உரக்கடை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஏலம் கேட்கும் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், ஒரு கிரேட் தக்காளியை நம்பி எத்தனை கைகள் இருக்கின்றன என்று தெரியும்.

இந்தக் கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டா கிடையாது. நிலம் போனால் பட்டாதாரருக்கு இழப்பீடு எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அது நியாயம்தான், அவருக்குக் கூடுதலாகவே கொடுங்கள். ஆனால் குச்சி விற்றவருக்கும், நாற்றுப் பண்ணைப் பெண்களுக்கும், வாய்ப்பேச்சுக் குத்தகையில் ஐந்து வருஷமாக அதே நிலத்தில் பயிர் வைத்தவருக்கும் அந்தப் பேச்சில் இடம் எங்கே? தொழிற்சாலையின் வேலைவாய்ப்பு எண்ணை எழுதும்போது நேரடி வேலை, மறைமுக வேலை என்று இரண்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். தக்காளிக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாமே.

இன்னொரு சிக்கல் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஏரி, கால்வாய்ப் பாசனம் குறைவு. கிருஷ்ணகிரி அணையின் கீழ் 9,012 ஏக்கர், கெலவரப்பள்ளி அணையின் கீழ் சுமார் 8,000 ஏக்கர் என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் கிணறும் போரும் (ஆழ்துளைக் கிணறு) சொட்டுநீரும். அதனால் பதிவேட்டில் புன்செய் என்றே இருக்கும் நிலத்தில் வருஷம் முழுக்கக் கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோசு, பீன்ஸ், சாமந்தி என்று மாற்றி மாற்றி விளைகிறது. சூளகிரிக் கொத்தமல்லி நாற்பது நாளுக்குள் அறுப்புக்கு வந்துவிடும். ஒரே துண்டு நிலம் வருஷத்தில் பலமுறை காசு பார்க்கிறது. காகிதத்தில் புன்செய் என்று பார்க்கிறவருக்கு அது மானாவாரிக் கொள்ளு விளையும் மேடாகத்தான் தெரியும். நிலத்தின் வழிகாட்டி மதிப்பும் அந்தப் பார்வையில்தான் வைக்கப்படுகிறது.

உண்மை நிலவரம் அரசிடம் இல்லை என்று சொல்லவும் முடியாது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பதிவேட்டில் பயிர் விவரம் ஏற வேண்டும். போதாததற்கு 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களையே ஊர் ஊராக அனுப்பி, சர்வே எண் வாரியாக மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். பிள்ளைகள் வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து செல்போனில் பதிந்த விவரம் அது. அதைத் திறந்து, உத்தேச நில வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும்.

இனி சட்டம். 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது அதனால் அங்கே யார் யாருக்கு என்ன பாதிப்பு என்ற ஆய்வு, செய்யச் சொல்கிறது. பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொடலாம் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி. அதற்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு 2019இல் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. சட்டமன்றம் புதிதாகச் சட்டம் இயற்றியது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே மதிப்பீடு செய்யாமல் நிலம் எடுப்பது சட்டப்படி சரி. ஆனால் மதிப்பீடு செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்களே, அப்போதே அந்த ஊர்களின் விளைச்சல் கணக்கை எடுத்து மேசை மேல் வைத்திருந்தால் இரு தரப்பும் பேசுவதற்கு ஓர் அடிப்படை கிடைத்திருக்கும்.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவை உண்டாக்கியதே இதற்காகத்தான். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான விஷயங்களை, குறிப்பாக நிலப் பயன்பாட்டையும் தண்ணீர்ப் பங்கீட்டையும் சுற்றுச்சூழலையும், சேர்த்து வைத்துத் திட்டமிடச் சொல்கிறது அது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. அந்த நகரம் எந்தப் பக்கம் விரிய வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது. தமிழ்நாட்டில் மா அதிகம் விளையும் மாவட்டம் நம்முடையது. அதில் பெரும்பங்கு பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. அது சாப்பிடும் பழமாகப் போவதைவிடக் கூழாக ஆலைக்குப் போவதுதான் அதிகம். சந்தூரில் ஒட்டுக்கன்று வளர்க்கும் நாற்றுப் பண்ணைகள், பூ வைக்கும்போதே தோப்பைக் குத்தகைக்குப் பிடிக்கும் வியாபாரிகள், மரம் ஏறிப் பறிப்பவர்கள், மண்டிகள், கூழ் ஆலைகள், டின் போடும் வேலை, லாரிகள் என்று இதுவும் ஒரு முழுத் தொழில். விவசாயத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆகாது என்று யாராவது சொன்னால் மாங்கூழ் ஆலையைக் காட்டலாம்.

ஆனால் 2025இல் நடந்தது என்ன? கிலோ நான்கு, ஐந்து ரூபாய்க்குக் கிளிமூக்கு விழுந்தது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே அது கட்டாது. பழம் மரத்தடியிலேயே அழுகியது. பக்கத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலக் கிளிமூக்கு உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அங்கே ஆலை எட்டு ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு மேலே நான்கு ரூபாய் சேர்க்கும் என்று தங்கள் விவசாயிக்கு வழி செய்துகொண்டார்கள். கர்நாடக விவசாயிகளுக்கு, விலை விழும்போது கைகொடுக்கும் மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் வந்தது. நடுவில் நாம் கையைப் பிசைந்து நின்றோம். எத்தனை டன் காய்த்திருக்கிறது, ஆலைகளில் போன வருஷக் கூழ் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்ற கணக்கு ஏப்ரலிலேயே மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருந்திருந்தால் ஜூனில் மனு மேல் மனு எழுத வேண்டி வந்திருக்காது. ஆலை உரிமையாளர்கள், தோட்டக்கலைத் துறை, விவசாயிகள் மூவரும் உட்காரும் விலைக் கூட்டம் பிஞ்சு பிடித்ததுமே நடக்க வேண்டும். காய் முற்றியபின் விவசாயிக்குப் பேரம் பேச நேரமே கிடையாது.

தண்ணீர் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை நம் எல்லைக்குள் வருகிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழும்புகிறது, காற்றில் பறந்து பயிர் மேல் படிகிறது. இது இரண்டு மாநிலப் பிரச்சினை, மாவட்டத்தால் தீர்க்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் நம் எல்லைக்குள் வரப்போகும் புதிய தொழிற்பேட்டைகள் எந்த நீரை எடுக்கும், எங்கே விடும் என்பது முழுக்க முழுக்க உங்கள் கேள்வி. போர் ஆழம் போய்க்கொண்டே இருக்கும் வட்டங்களில் ஒரு தொழிற்பேட்டையின் போரும் அறுபது விவசாயிகளின் போரும் ஒரே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சும்.

இப்போது நான் மிகவும் நம்பும் ஒரு யோசனை. நம் மாவட்டத்தில் இன்று ஒவ்வொரு பெரிய ஆலையிலும் கேன்டீன் இருக்கிறது. தங்கும் விடுதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். அந்தச் சாம்பாரில் போகும் தக்காளி, பொரியலில் போகும் கோசு எங்கிருந்து வாங்கப்படுகின்றன என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? வேலைவாய்ப்பில் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்று பேச்சுவார்த்தை நடத்தும்போது, கேன்டீன் காய்கறியில் ஒரு பங்கை இந்த மாவட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குங்கள் என்றும் கேட்கலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, வேறு மாதங்களில் விலை இல்லாமல் பறிக்காமலே விடுகிறோம். நடுவில் ஒரு நிலையான விலை இருந்தால் கேன்டீன்காரருக்கும் லாபம், எங்களுக்கும் நிம்மதி. கேழ்வரகுக்கும் இதே வழி. 2025-26க்கு அதன் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் 2023இல் தொடங்கியது. களி தின்று வளர்ந்த நம் மாவட்டத்து விடுதிகளிலும் வாரம் இரண்டு நாள் அதைப் போடச் சொல்லலாம்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இனி எந்தத் தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் விமான நிலையத்துக்கும் நிலம் குறிப்பதற்கு முன், அந்தச் சர்வே எண்களில் மூன்று வருஷமாக என்ன விளைந்தது, எத்தனை பேருக்குக் கூலி கிடைத்தது, என்ன மதிப்புக்கு விற்றது என்ற கணக்கை அந்தந்த ஊர் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே எடுத்த தொழிற்பேட்டைகளில் எத்தனை ஏக்கர் காலியாகக் கிடக்கிறது என்ற பட்டியலையும் கூடவே வையுங்கள். காலி இடம் இருக்கும்வரை போரும் சொட்டுநீரும் உள்ள நிலத்தைத் தொடாதீர்கள். சூளகிரி, ராயக்கோட்டை, கெலமங்கலம், தளி வழியாகப் போகும் காய்கறி, பூ விளையும் பகுதியைத் திட்ட வரைபடத்திலேயே வேளாண் பகுதி என்று கோடு போட்டு வையுங்கள். வீட்டுமனைக்காரர்களின் கொடி எங்கள் ஊர் ஏரிக்கரை வரை வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருஷம் போனால் கோடு போட நிலம் இருக்காது.

கணக்கெடுக்க எங்கே தொடங்குவது என்று அதிகாரிகள் கேட்டால், வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தைக்கும், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கும், சீசனில் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கும் அனுப்புங்கள். கூட வந்து விவரம் சொல்ல எங்கள் ஊர்களில் ஆள் இருக்கிறது. அடுத்த திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்த்து, தேதியை எங்களுக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சூளகிரி வட்டத்தில் காய்கறி பயிரிடும் ஒரு விவசாயி