நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டுக்கல்லில் கார் பட்டறை வைத்து 26 வருடம் ஆகிறது. வண்டி விட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உங்கள் இதழும் மற்ற கார் இதழ்களும் எப்போதும் கிடக்கும். பழையவற்றை எடைக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் புது கார் சிறப்பிதழ் வந்த நாளிலிருந்து, "அண்ணே, இதுக்கு எட்டரை மார்க் போட்டிருக்காங்களே, நம்பி வாங்கலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர்களிடம் சொல்வதை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி, எந்த இதழ் என்பது இங்கே வேண்டாம். வாங்கும் முன்பு ஒரு பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து காட்டினார். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். கியர் மாறுவதே தெரியவில்லை என்று எழுதியிருந்தது. மூன்றாம் வருடம் மே மாதத்தில் மனைவி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு கொடைக்கானல் ஏறியிருக்கிறார். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் சீசன் நெரிசல். பத்தடி நகர்வது, நிற்பது என்று ஒரு மணி நேரம் போயிருக்கிறது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தது. அப்புறம் வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, பிள்ளைகளை இறக்கிச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, டயருக்குக் கல் வைத்திருக்கிறார் அந்த 63 வயது மனிதர்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துவிடுகிற கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று கம்பெனி சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். மாற்றிய பழைய கிளட்சைக் கேட்டு வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தட்டின் முகம் நீலம் பாரித்திருந்தது. இரும்பு அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற நிறம் அது. லைனிங்கின் கரிந்த வாடை இரண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை. அது இரட்டைக் கிளட்ச் வகை, அதிலும் எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச். காலியான சாலையில் அதன் சுகமே தனி. ஏற்றத்தில் ஊரும்போது மட்டும் முழுசாகவும் பிடிக்காமல், முழுசாகவும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே எண்ணெயும் கிடையாது. விமர்சனம் எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் ஓட்டிய சாலையில் அந்த வண்டி அவர் எழுதியபடியேதான் ஓடியிருக்கும்.

அது எந்தச் சாலை என்று எழுதினாரா? அங்கேதான் எனக்கு வருத்தம். புது மாடல் வந்தால் கம்பெனிகள் உதய்ப்பூர், கோவா போன்ற ஊர்களுக்குப் பத்திரிகையாளர்களை அழைத்துப் போகின்றன. விமான டிக்கெட்டும் தங்கும் இடமும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. கைக்குக் கிடைப்பது கம்பெனியே பார்த்துத் தயார் செய்த வண்டி, பெரும்பாலும் டாப் வேரியண்ட், அதாவது அந்த மாடலிலேயே எல்லா வசதியும் உள்ள வகை. ஒரு நாளோ இரண்டு நாளோ ஓட்டலாம். இதில் தப்பு என்று நான் சொல்லவில்லை, வேறு வழியில் சீக்கிரம் வண்டி கிடைக்காது என்பதும் தெரியும். ஆனால் அதை வாசகரிடம் சொல்ல வேண்டாமா? அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் வாங்கியது ஏழு வருடம் வைத்திருக்கப்போகிற கார். அவருக்குக் கிடைத்த மார்க் இரண்டு நாள் மார்க்.

வேரியண்ட் விஷயத்தை லேசாக விடக்கூடாது. 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அவற்றில் ஐ10 2008-லும், ஃபிகோ 2011-லும் மோட்டார் பத்திரிகையாளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் இந்தியாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதைப் பெற்றவை. மோதல் சோதனை பத்திரிகைக்காரர்களால் செய்யக்கூடிய காரியம் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். அதே போலோ இரண்டு ஏர்பேக்கோடு போனபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரே பெயர், ஒரே உருவம், பூஜ்யத்துக்கும் நாலுக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் உயிர். விருதைப் பார்த்து, வசதி குறைந்த பேஸ் மாடல் வாங்கியவருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொன்னார்கள்? 2023 அக்டோபரிலிருந்து நமக்கே அதுபோன்ற மோதல் சோதனைத் திட்டம், பாரத் என்கேப், இருக்கிறது. உங்கள் மார்க் பட்டியலில் அந்த நட்சத்திரத்தையும், எந்த வேரியண்டுக்கு அது என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

பெரிய பெயர் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் சங்கத்தில் கோடிக்கு மேல் உறுப்பினர்கள். 2014-ல் தன் இதழ் வாசகர்களின் வாக்குப்படி மக்களுக்குப் பிடித்த கார் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று அது அறிவித்தது. 34,299 வாக்கு என்றார்கள். உண்மையில் விழுந்தது 3,409. இதழின் தலைமை ஆசிரியர் பதவி விலகினார், அடுத்த மாதமே சங்கத்தின் தலைவரும் போனார்.

மறுபக்கம் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இருக்கிறது. 1936-ல் தொடங்கிய இதழ், விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்க வேண்டிய காரை, யார் என்று சொல்லாமல் ஷோரூமில் காசு கொடுத்து வாங்குகிறது. உறுப்பினர்களிடம் வருடா வருடம் கேட்டு, எந்த வண்டியில் எது பழுதாகிறது என்று கணக்கு எடுக்கிறது. 1988-ல் சுசூகி சாமுராய் கவிழும் ஆபத்துள்ள வண்டி என்று எழுதியது. நம்மூர் ஜிப்சிக்கு அது ரத்த உறவு. 1996-ல் சுசூகி வழக்குப் போட, 2004-ல்தான் சமரசம் ஆனது. எட்டு வருடம் கோர்ட்டில் நிற்க நம் இதழ்கள் எதற்கும் தெம்பு இருக்காது. நாங்கள் கொடுக்கும் சந்தாவில் மாதம் ஒரு கார் வாங்குங்கள் என்று கேட்பதும் நியாயம் இல்லை.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். அளந்து எழுதியதை நம்புங்கள். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எத்தனை மீட்டரில் நின்றது, டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பியதில் என்ன மைலேஜ் வந்தது என்பதெல்லாம் நீங்கள் கருவி வைத்து எடுப்பது. இந்த எண்கள் என் பட்டறைக்கு வரும் வண்டிகளோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. சொகுசு, தரம், உழைப்பு என்று போடும் மார்க் வேறு ரகம். பெஞ்சில் இருந்த இதழ்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினேன். பத்துக்கு ஆறுக்குக் கீழே வாங்கிய கார் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இரண்டு நாளில் உழைப்புக்கு எப்படி மார்க் போட முடிகிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிவதும், ஏசி கூலிங் காயில் ஒழுகுவதும், ஸ்பேருக்கு மூன்று வாரம் காத்திருப்பதும் வண்டி பழகின பிறகு தெரிகிற விஷயங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு மதிப்பீட்டுக்குப் பக்கத்திலும் நாலு வரி போடுங்கள்: வண்டி யாருடையது, எந்த வேரியண்ட், எத்தனை நாள் எத்தனை கிலோமீட்டர் எந்தச் சாலையில் ஓட்டினீர்கள், பயணச் செலவு யாருடையது. அப்புறம், மூன்று வருடம் கழித்து அதே காரைத் தேடிப் போய் இன்னொரு மார்க் போடுங்கள். பழைய மார்க்கையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

அதற்கு வண்டி தேடி அலைய வேண்டியதில்லை. 60,000, 80,000 கிலோமீட்டர் ஓடிய கார்கள் வாரம் முழுக்க என் லிஃப்டில் ஏறி இறங்குகின்றன. அவற்றின் சொந்தக்காரர்களில் ஐந்து பேரிடம் பேசிவிட்டேன், ஓட்டிப் பார்க்கத் தரச் சம்மதம் என்கிறார்கள். அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரும் அதில் ஒருவர். நீலம் பாரித்த அந்தக் கிளட்சைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் நிருபரை அனுப்புங்கள், கொடைக்கானல் ஏற்றத்துக்கு நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கார் பட்டறை, திண்டுக்கல்.