மூன்றாவது வீட்டின் மேற்குச் சுவர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஓர் அட்டைப்பெட்டி குறுக்கே நிற்கிறது. குடிவந்து ஐந்து வாரம் ஆகியும் மூன்று பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை. ஐந்து வாரமாகத் தேடாத பொருளை இனியும் தேடப் போவதில்லை, அப்படியே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார். அதில் உன் பழைய கடிதக் கட்டு இருந்தால்? அதனால் பெட்டிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

முழங்கால் வலி பரவாயில்லை. லிஃப்ட் உள்ள வீட்டுக்கு வந்ததில் பாதி வலி போய்விட்டது. சின்னவள் விடுதிக்குப் போனபின் வீடு ரொம்ப அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடிக்கிறதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். புது வேலை, புது ஊர், இருபது வருஷம் கழித்து மறுபடி வாடகை வீடு. “உனக்கு மட்டும் எப்படி வாடகையைக் குறைத்துக் கொடுத்தார்கள்?” என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய்.

இந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று, கதவைத் திறந்ததுமே சாக்கடை நாற்றம் முகத்தில் அடித்தது. தரகர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். “ஜன்னலைத் திறந்தால் போய்விடும் மேடம்” என்றார், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில். வாசலில் விளம்பரத் தாள்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. மேலே கிடந்தவை புதிது, அடியில் இருந்தவை பழுப்பேறிப் போயிருந்தன. குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தை எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் வளைந்து போகும் இல்லையா, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். பல வாரம் ஆள் புழங்காவிட்டால் அது ஆவியாகிவிடும், நாற்றத்துக்கு வழி திறந்துவிடும். குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டிலிருந்த ஒரு வாளியை எடுத்து எல்லாத் துவாரங்களிலும் ஊற்றினேன். ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் மறுபடி போனேன். நாற்றமில்லை.

வீடு ரொம்ப நாளாகக் காலி, எனக்கு முன்னால் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இது தெரிந்துவிட்டால் பேரத்துக்கு வேறு என்ன வேண்டும்? வீட்டுக்காரரின் கணக்கை அவர் இடத்திலிருந்து போட்டுப் பார். மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அவருக்கு 100 போச்சு. எனக்கு 5 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்கச் சேர்த்தும் 60தான் நஷ்டம். “நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன், இந்த வாரமே குடிவருகிறேன்” என்று சொல்லித்தான் 7 குறைக்கக் கேட்டேன். 6 குறைத்தார். நாற்றத்தின் ரகசியத்தையும் பேரத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த துருப்புச் சீட்டை மேசையில் போட்டுவிட்டேன் என்று இவர் இன்றுவரை கேலி செய்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னபிறகுதான் அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாகப் பேசினார். இரண்டு மாதமாகக் குழாய் வேலைக்காரர்களைக் கூப்பிட்டுத் தரையை உடைப்பதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தாராம்.

இன்னொன்று. வாடகையை அடியோடு குறைக்க மாட்டேன் என்பவர்கள் வேறு எதிலாவது இறங்கி வருவார்கள். சுவருக்குப் பூச்சு, தண்ணீர் சூடாக்கும் கருவி, இரண்டு வருஷத்துக்கு வாடகை ஏற்றாமல் இருப்பது, இப்படி எதையாவது கேள். உன் சம்பளச் சீட்டு, புது வேலைக்கான கடிதம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போ. ஒழுங்காக வாடகை தருகிற ஆள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் பாதிக் கவலை விட்டது.

இப்போது நீ எழுதிய மூன்று வீடுகள்.

முதல் வீடு. வாடகை குறைவு, ஆனால் அலுவலகத்திலிருந்து தூரம், போக அரை மணி கூடுதல், வர அரை மணி கூடுதல். மாதம் 22 வேலை நாள் என்றால் 22 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்குப் பார்த்தால் மாதத்தில் கிட்டத்தட்ட மூன்று நாள் சாலையிலேயே போய்விடும். பயணச் செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதை விட்டுவிடு.

இரண்டாவது வீட்டில் முதல் மாத வாடகை இலவசம் என்கிறார்களா? கேட்க இனிப்பாக இருக்கும். காகிதத்தில் போட்டுப் பார். மாதம் 100, முதல் மாதம் இலவசம் என்றால் முதல் வருஷம் 1,100. இலவசம் வேண்டாம், மாதம் 93 போதும் என்று பேசி முடித்தால் 1,116. முதல் வருஷம் அவர்கள் சொல்வதுதான் லாபம். ஆனால் அடுத்த வருஷம் 5 சதவீதம் ஏற்றுவார்கள், எதன்மேல் ஏற்றுவார்கள்? 100இன் மேல். 105 வீதம் 1,260. மற்றதில் 93இன் மேல் ஏற்றினால் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,172. இரண்டு வருஷத்தையும் கூட்டினால் இலவசம் 2,360, பேரம் 2,288. ஒரே வருஷத்தில் காலி செய்யப் போகிறாய் என்றால் இலவசத்தை வாங்கிக்கொள். நீ மூன்று வருஷமாவது இருப்பேன் என்கிறாய். அப்படியானால் மாத வாடகையைக் குறைக்கச் சொல்.

முன்பணத்தையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, இன்னொன்றுக்கு ஆறு மாத வாடகை முன்பணம் என்றால், நடுவிலுள்ள 400 உன் கையை விட்டுப் போய் வட்டியில்லாமல் அங்கே தூங்கும். 6 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 24, மாதத்துக்கு 2. ஆக அந்த வீட்டு வாடகை உண்மையில் 102. முன்பணம் இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று பல இடங்களில் சட்டமே இருக்கிறது. உன் புது ஊரில் எப்படி என்று விசாரி. பராமரிப்புக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், தண்ணீர்க் காசு எல்லாம் வாடகைக்குள்ளா வெளியேயா என்பதையும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடு.

உன் மகன் சொன்ன 30 சதவீத விதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பது எங்கிருந்தோ வந்து எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1969இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம் அரசுக் குடியிருப்புகளின் வாடகையைக் குடியிருப்பவர் வருமானத்தில் 25 சதவீதத்துக்குள் நிறுத்தியது. 1981இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு வீட்டுக்குப் போட்ட வரம்பு அது. உனக்கு வீட்டுக்கடன், மருத்துவச் செலவு இருந்தால் 30கூட அதிகம். எதுவுமில்லாமல் நடந்தே வேலைக்குப் போக முடிகிற வீடு என்றால் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்று பார், அது போதும்.

வீடு பார்க்கப் போகும்போது வெட்கப்படாதே. நான் போனால் தரகர்கள் பெருமூச்சு விடுகிறார்கள், விடட்டும். ஷவரைத் திறந்துவிட்டுக் கழிவறையில் தண்ணீரை இழுத்துவிடு, தண்ணீரின் வேகம் எவ்வளவு குறைகிறதென்று தெரிந்துவிடும். தொட்டிக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார். அலமாரியைத் திறந்து மோந்து பார், ஓதம் இருந்தால் அங்கேதான் முதலில் வாசம் வரும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வர்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேள். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அதைக் கவனி. அப்போதும் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது, அந்தக் காசை நீ கட்டுவாய். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்காவது போன் செய், சிக்னல் கிடைக்கிறதா பார். டேப் எடுத்துப் போய் வாசற்படியின் அகலத்தை அள. உன் கட்டில் உள்ளே போகாது என்பதை லாரி வந்து நின்றபிறகு தெரிந்துகொள்ளாதே. (அனுபவம். அந்தக் கட்டில் இப்போது என் தங்கை வீட்டில்.)

பகலில் பார்த்த வீட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொரு முறை போய்ப் பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சும்மா பேச்சுக் கொடு. காலி செய்கிறவர் இன்னும் உள்ளே இருந்தால் ரொம்ப நல்லது, ஏன் போகிறார் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

அப்புறம், நீ கடைசியாக எழுதியிருந்த அந்த ‘ரொம்ப மலிவான’ வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். ஏண்டி, உனக்குமா இதைச் சொல்ல வேண்டும்? வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ எடுத்துப் போட்டிருப்பான். உள்ளே நுழைந்து பார்க்காமல், வீடு யார் பேரில் இருக்கிறதென்று காகிதத்தில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதே.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றே ஒன்று அழுத்திச் சொல்கிறேன். “அதெல்லாம் பார்த்துக்கலாம்மா” என்று யாராவது சொன்னால் உடனே பேனாவை எடு. எதைப் பார்த்துக்கொள்வார்கள், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று எழுதி வாங்கு. வருஷா வருஷம் எவ்வளவு ஏற்றுவார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அந்த நாள் கணக்கு அவருக்கும் உனக்கும் ஒன்றுதானா, நடுவில் வேலை மாறினால் என்ன, முன்பணம் எத்தனை நாளில் திரும்பி வரும், இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும்.

நான் பட்டது உனக்குத் தெரியாது, எழுத வெட்கமாக இருந்தது. இதற்கு முந்தைய வீட்டில் அடுப்பு மேடையில் ஒரு கருகல் தடம் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. நாங்கள் போகும்போதே இருந்தது. நாலு வருஷம் அதன்மேல் ஒரு தட்டை வைத்து மறைத்தே காலம் தள்ளினேன். காலி செய்யும்போது தட்டை எடுத்தேன், வீட்டுக்காரர் பார்த்தார், மேடையை மாற்றுகிற செலவு முழுவதையும் முன்பணத்தில் கழித்துக்கொண்டார். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. இந்த வீட்டில் சாவி வாங்கிய அன்றைக்கே ஒவ்வொரு அறையையும், சுவர்க் கீறலையும், மின்சார மீட்டரில் இருந்த எண்ணையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ‘சரி’ என்று பதில் போட்டிருக்கிறார். 74 படங்கள். இவர் சிரித்தார், சிரிக்கட்டும்.

நாம் இருவரும் சேர்ந்து எடுத்த அந்த முதல் அறை ஞாபகமிருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். ஒன்றையும் பார்க்கவில்லை, ஒன்றையும் கேட்கவில்லை, வாடகையைச் சொன்னதும் தலையாட்டிவிட்டோம். அங்கேயும் சந்தோஷமாகத்தான் இருந்தோம், ஆனால் இப்போது நமக்கு அந்த முழங்கால்கள் இல்லை.

உன் மூன்றாவது வீடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வெளிச்சம், நடந்து போகிற தூரத்தில் அலுவலகம். ஆனால் மேல் மாடி, படுக்கையறை மேற்கே பார்த்தது என்கிறாய். வெயில் காலத்தில் மொட்டைமாடித் தளமும் மேற்குச் சுவரும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில்தான் விடும். நீ காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். இந்த வாரம் நல்ல வெயிலடிக்கிற ஒரு நாளில் மாலை ஐந்து மணிக்குப் போ. அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து, எவ்வளவு நேரம் எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை கையெழுத்துப் போடாதே.

உன்,
பழைய அறைத்தோழி