உன்னிடம் மட்டும் கேட்காத பொருத்தம்

காயல்பட்டினம்
20.07.2024

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இருமல்தான் இன்னும் விடவில்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்த எல்லோரும் கொண்டுவரும் இருமல்தான், கவலைப்படாதே. ஹாங்காங்கிலிருந்து நீ தினமும் போனில் கேட்கிறாய், "ஹஜ் எப்படி இருந்தது உம்மா?" என்று. நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

புறப்படும் முந்தைய வாரம் முடுக்கு முடுக்காக நடந்து, வீடு வீடாக ஏறினேன். "ஹஜ்ஜுக்குப் போகிறேன், தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பத்து வருடம் பேசாமல் இருந்தோமே, அந்த மாமியின் கையையும் பிடித்துக் கேட்டேன். அவர் அழுதுவிட்டார். ஹஜ் விளக்க வகுப்பில் ஆலிம்சா சொன்னது மனதிலேயே இருந்தது: அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையில் உள்ளதை அவன் நாடினால் மன்னிப்பான், மனிதருக்குச் சேர வேண்டியதை அந்த மனிதரே விட்டுக்கொடுக்க வேண்டும். மளிகைக்கடைப் பாக்கி, தையல்காரிக்குத் தர வேண்டிய 240 ரூபாய், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். அந்த நோட்டில் உன் பெயர் இல்லை. பெற்ற பிள்ளையிடம் என்ன பொருத்தம் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

வாப்பா இருந்திருந்தால் இருவருமாகப் போயிருப்போம். மஹ்ரமாக ஆண் உறவு யாரும் கூட வராமல், 45 வயது கடந்த பெண்கள் நான்கு பேராகச் சேர்ந்து போகலாம் என்று 2018இல் வழி திறந்ததிலிருந்தே எனக்கு ஆசை. இந்த வருடம்தான் நஸீபு இருந்தது. ஹாஜிகள் நிய்யத் வைக்க வேண்டிய எல்லையான யலம்லம் நெருங்குகிறது என்று விமானத்தில் அறிவித்ததும் நிய்யத் வைத்து லப்பைக் சொன்னோம். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு நடுக்கம். கஃபதுல்லாவை முதலில் பார்த்த நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை. நீயும் ஒரு நாள் பார்ப்பாய், இன்ஷா அல்லாஹ்.

கஃபாவைச் சுற்றும் தவாஃப் முடித்து, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸயீக்குப் போனோம். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்கு ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு நடைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். வழியில் ஓரிடத்தில் மேலே பச்சை விளக்குகள் எரிகின்றன. அந்த இடம் வந்ததும் ஆண்கள் ஓட வேண்டும், பெண்களுக்கு நடைதான். முன்பு அது பள்ளமாக இருந்ததாம். ஹாஜரா அம்மையார் பால்குடிப் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தண்ணீர் தேடி அலைந்தபோது, அந்தப் பள்ளத்தில் இறங்கினால் பிள்ளை கண்ணுக்கு மறைந்துவிடும். அதனால்தான் அங்கே மட்டும் ஓடினார்கள் என்று ஆலிம்சா சொல்லியிருந்தார். அன்று ஓடியவர் ஒரு தாய். இன்று என் இரண்டு பக்கமும் ஆண்கள் ஓடிக்கொண்டிருக்க, நான் நடந்துகொண்டிருந்தேன். நான்காவது நடையில் அந்தப் பச்சை விளக்கின் கீழ் என் கால் நின்றுவிட்டது. அந்த அம்மையாரிடம் அன்று இருந்தது ஒரு பிள்ளை. என்னிடம் இருந்தது இரண்டு. நானும் ஓடியிருக்கிறேன், உன் அண்ணனுக்காக, உன் காக்காவுக்காக. நீ இருந்த பக்கம் நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

2006 மே மாதம். வாப்பா மவுத்தாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. பிளஸ் டூவில் நீ 1,200க்கு 1,087 எடுத்தாய். பாளையங்கோட்டையில் கணிதப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்து, கல்லூரியிலிருந்து கார்டும் வந்தது. உன் படிப்புக்கென்று வாப்பா அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்த 60,000 ரூபாய் இருந்தது. அதே வாரம் காக்காவுக்குத் துபாய் விசா வந்தது. அந்தப் பணத்தை எடுத்தேன். "நீ அடுத்த வருடம் சேரலாம்" என்றேன். நீ கார்டை நான்காக மடித்து வாப்பாவின் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாய். அடுத்த வருடம் உனக்குக் கல்யாணம் பேசிவிட்டேன். ஆண் பிள்ளை தலையெடுத்தால்தான் வீடு நிமிரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னார்கள் என்று எழுதுகிறேன், பார். முடிவெடுத்தது நான்.

இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அரஃபாவில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, ஊரார் துஆ கேட்டு எழுதித் தந்த சீட்டுகளை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். எங்கள் கூடாரத்தில் மலப்புறத்து உம்மா ஒருவர், வானத்தை நோக்கிக் கையேந்தித் தன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் காக்காவுக்குக் கேட்டேன், அவன் பிள்ளைகளுக்குக் கேட்டேன். உன் பெயரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. உனக்குத் தர வேண்டியதைத் தராமல் உனக்காக அல்லாஹ்விடம் எதைக் கேட்பேன்? மஃரிபு நேரம் நெருங்கும்வரை கையை ஏந்தியபடியே இருந்தேன்.

முஸ்தலிஃபாவில் வெட்டவெளியில் இரவைக் கழித்து, கடலை அளவில் 49 கல் பொறுக்கினோம். மறுநாள் ஷைத்தானுக்குக் கல்லெறிந்து, குர்பானி கொடுத்ததாகத் தகவல் வந்தபின், கூட வந்த லாத்தா என் முடியின் நுனியைப் பிடித்து ஒரு விரற்கணு அளவு கத்தரித்தார். உள்ளங்கையில் விழுந்த முடி ஒன்று விடாமல் வெள்ளை. இவ்வளவு காலமா தள்ளிப்போட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கு மறுநாள், ஜூன் 17, ஹரமில் 51.8 டிகிரி வெயில். குடை பிடித்த கையே காந்தியது. அந்த ஹஜ்ஜில் 1,300 பேருக்கு மேல் மவுத்தானதாகப் பிறகு கேள்விப்பட்டோம். மக்காவில் மவுத்தாவது பெரும் பாக்கியம் என்று நம் ஊரில் சொல்வார்கள். நானும் அந்த ஆசையோடுதான் போனேன். ஆனால் அன்று மினாவுக்கு நடந்த வழியில், "இங்கே வேண்டாம் யா அல்லாஹ், உன் கடனோடு என்னை அடக்கிவிடாதே, ஊருக்குக் கொண்டு சேர்த்துவிடு" என்று கேட்டேன். உன் கடன் என்று வாய் தவறி அவனிடம் சொல்லியிருக்கிறேன். அது மகளே, உன்னுடைய கடன்.

மதீனாவில் எட்டு நாள் இருந்தோம். அதை நீ ஊருக்கு வரும்போது உட்கார்ந்து சொல்கிறேன்.

வந்த மறுவாரம் என் கம்மலை விற்று 60,000 ரூபாயை எடுத்து, வாப்பாவின் பெட்டியில் அந்தக் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கார்டு அங்கேயேதான் இருக்கிறது, மடிப்பு மட்டும் கிழிந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பணத்தின் மதிப்பு என்ன என்று எனக்கும் தெரியும். மீதியையும் கொடுப்பேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உன் மூன்று வருடப் படிப்புக்கும், அன்று நீ பேசாமல் அரிசி களைந்ததற்கும்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குத்தான் பொருத்தம் கேட்கிறேன். என் பேத்தி என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று அவளிடமே கேட்டு எழுது.

சென்னை விமான நிலையத்தில் தந்த ஐந்து லிட்டர் ஸம்ஸம் தண்ணீரில் உனக்கு ஒரு போத்தல் மூடி வைத்திருக்கிறேன். அஜ்வா பேரீச்சையும் இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்து, "விடுங்கள் உம்மா, பழைய கதை" என்று சொல்லிவிடாதே. இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டு எழுது. பொருந்திக்கொண்டாலும் எழுது, இல்லையென்றாலும் எழுது.

வஸ்ஸலாம்.
உம்மா