புல்மனுக்கு வரும் தம்பிக்கு, பள்ளிக்கூடம் பற்றி

அன்புள்ள தம்பி,

போன வாரம் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துப் புல்மனில் உள்ள பள்ளிகள், பக்கத்தில் இணையத்தில் அவற்றுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு கட்டம், கடைசியில் "எது நல்ல ஸ்கூல்க்கா?" என்று ஒரே வரி. வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. வருஷத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், தேர்ந்தெடுக்க இங்கே அதிகம் இல்லை. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகையே 32,901 தான், அதிலும் பெரும்பங்கு வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி மாணவர்கள். அரசுத் தொடக்கப் பள்ளி நான்கு, நடுநிலைப் பள்ளி ஒன்று, உயர்நிலைப் பள்ளி ஒன்று. நீ வாடகைக்குப் பிடிக்கிற வீடு எந்தப் பள்ளிக்கு உட்பட்டதோ அங்கேதான் பெரியவள் போவாள். ஆறாம் வகுப்பிலிருந்து பேராசிரியர் பெண்ணும் கோதுமை விவசாயியின் பையனும் மின்கட்டமைப்புக் கருவிகள் செய்கிற எஸ்.இ.எல். கம்பெனி இன்ஜினியர் பிள்ளையும் நம்மைப் போல விசாவில் வந்தவர் பிள்ளையும் ஒரே பள்ளிதான்.

அந்த மதிப்பெண்ணை ரொம்ப நம்பாதே. பெரும்பாலும் தேர்வு முடிவுகளை வைத்துப் போடுவது. இருபது பேர் வகுப்பில் இரண்டு பேர் போன மாதம்தான் விமானம் ஏறி வந்தவர்கள் என்றால் சதவீதம் சரிந்துவிடும். இன்னொரு கூத்தும் உண்டு. பிஎச்.டி. உதவித்தொகையில் குடும்பம் நடத்துகிறவர் கணக்கில் ஏழை, பிள்ளைக்கு இலவச மதிய உணவுக்குத் தகுதி கிடைத்துவிடும். புள்ளிவிவரத்தைப் பார்த்து "ஐயோ, ஏழைகள் நிறைய இருக்கிற பள்ளி" என்று பயப்படுகிறவர், அந்த ஏழை ராத்திரி இரண்டு மணிவரை லேபில் மரபணு வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை அறிய மாட்டார்.

பெற்றோரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நம் ஆட்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இரண்டாவது தட்டு வருவதற்குள் பேச்சு கணக்குப் பாடத்துக்கு வந்துவிடும். மெதுவாகப் போகிறது, வீட்டுப்பாடம் போதாது, ரேங்க் இல்லை. நானும் சமச்சீர் கணக்குப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவள்தான். இரண்டு வருஷம் பிள்ளையையும் படுத்தி நானும் அவதிப்பட்டு விட்டுவிட்டேன். போட்டி போதாது என்று சியாட்டில் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 11, 12-ஆம் வகுப்பில் 'ரன்னிங் ஸ்டார்ட்' என்று இந்த மாநிலத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கலாம், கல்விக் கட்டணம் கிடையாது, புத்தகச் செலவு நம்முடையது. வேகமாகப் போக நினைக்கிற பிள்ளைக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் சொல்வது வேறு. இதை எழுதும்போது எட்டாவது படிக்கும் என் மகளிடமே கேட்டேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னாள்: "ஸ்கூல் நல்லாத்தாம்மா இருக்கு. யாரும் இருக்க மாட்டேங்கிறாங்க, அதான்."

இதுதான் கல்லூரி ஊர். அப்பாவின் ஆராய்ச்சி முடிந்தால், அம்மாவின் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) ஒப்பந்தம் தீர்ந்தால், குடும்பமே கிளம்பிவிடும். இரண்டாவதிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்த நேபாளத்துப் பெண் ஒருத்தி. அவள் அப்பாவுக்கு மண்ணியலில் பட்டம் கிடைத்தது, நெப்ராஸ்காவில் வேலை கிடைத்தது. மே மாதம் ஒரு சனிக்கிழமை வாடகை வண்டியில் சாமான் ஏற்றினார்கள். பெண்கள் இரண்டு பேரும் அழவில்லை. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பாக்கெட் முறுக்கைத் தின்று தீர்த்தார்கள். அழுதது நானும் அவள் அம்மாவும். அதற்கப்புறம் புதிதாக ஒரு தோழி என்று பேச்சு வந்தால் என் மகள் முதலில் கேட்பது, "அவங்க அப்பா எந்த இயர்?"

உன் போஸ்ட்டாக்கும் இரண்டு வருஷம்தானே. நாளைக்கு இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை இந்தக் கேள்வியை உன் பெண்ணைப் பற்றிக் கேட்கும். பத்துக்கு ஏழா எட்டா என்று பார்ப்பதைவிட, வந்த முதல் மாதமே அவளை ஊர்ப் பிள்ளைகள் இருக்கிற ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடு. கால்பந்து, நீச்சல், நூலகத்துக் கதை நேரம், எதுவானாலும் சரி.

இனி அவசர விஷயங்கள். நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசியோடு சேர்ந்து வருவது ரூபெல்லா மட்டும்தான். இங்கே புட்டாளம்மையும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை, சின்னம்மை இரண்டு தவணை கேட்பார்கள். கோயம்புத்தூரிலேயே டாக்டரைப் பார்த்து, அட்டையில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள். சின்னவனுக்குச் செப்டம்பரில்தானே ஐந்து முடிகிறது? இங்கே பள்ளியின் முதல் வருஷமான கிண்டர்கார்டனுக்கு ஆகஸ்ட் 31-க்குள் முடிந்திருக்க வேண்டும், அதனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டிவரும். குழந்தைகள் காப்பகம் இங்கே காசைத் தின்னும், இப்போதே பட்ஜெட்டில் வை. வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் வரும். பாப்பாவைத் தனியாக உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயந்து சிலர் இங்கிலீஷ் என்று எழுதுகிறார்கள். தமிழ் என்றே எழுது. ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள், தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு உதவி கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் குளிர். பனி கொட்டினாலும் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விடுவார்கள், ஸ்நோ பேண்ட்டும் பூட்ஸும் இல்லாமல் முடியாது. கோயம்புத்தூரில் எதையும் வாங்காதே. அந்த நேபாளத்துப் பெண் விட்டுப்போன ஊதா பூட்ஸ் எங்கள் கராஜில் இருக்கிறது, என் மகளுக்குச் சின்னதாகிவிட்டது. ஒரு காகிதத்தில் பாப்பாவின் காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா