பிள்ளையின்ர சுகம் கேக்கிறம், தாயின்ர சுகம் ஆர் கேக்கிறது?

ஆசிரியருக்கு,

பிள்ளை பெத்த தாய்மாருக்கு வாற மனச்சோர்வைப் பற்றி போன கிழமை உங்கட பேப்பரில வந்த செய்தியை வாசிச்சன். பத்துத் தாய்மாரில ஒராளுக்காவது மனநலப் பிரச்சினை வருது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆனா எங்கட சனம் இன்னும் இதை 'செல்லம் கூடிப்போச்சு' எண்டுதான் கதைக்குது. என்ர மகளுக்கு முதல் பிள்ளை பிறக்கேக்க மருமகன் வெளிநாட்டில, நாங்கள் சரக்கு அரைச்சு பத்தியக்கறி வைச்சு ஒரு குறையும் விடேல்ல, பிள்ளையின்ர 31ஆம் நாள் சடங்குக்கு வந்த ஆக்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிச்சினம், பால் காணுதோ எண்டு கேட்டிச்சினம், அவள் அறைக்குள்ள அழுதுகொண்டிருந்ததை நானும் நித்திரை இல்லாத களைப்பு எண்டுதான் நினைச்சன். பெத்த தாய் எனக்கே விளங்கேல்ல. பேந்து கிளினிக்கில மிட்வைஃப், மனச்சோர்வு இருக்கோ எண்டு பாக்கிற 10 கேள்விப் பேப்பரைக் குடுத்து, பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைச்சாப்பிறகுதான் வாய் திறந்தவள்.

மிட்வைஃப் ஒராளே எத்தினை வீட்டைப் பாக்கிறது? ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்குத்தானே, கிழமையில ஒருநாள் பின்னேரம் அதை இளந்தாய்மாருக்கு விடுங்கோ, பிள்ளையளோட வந்து இருந்து கதைக்கட்டும், மாமிமார், புருசன்மாரும் வரட்டும். 1926 எண்ட மனநல உதவி இலக்கத்தையும் அந்தச் சுவரில பெரிசா எழுதி விடுங்கோ.

ஒரு அம்மம்மா,
கோண்டாவில்.