பாராசிட்டமால் வதந்தி: ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூட்டம்

கொடுங்கையூர் குழுவினருக்கு வணக்கம். கர்ப்பிணிகள் பாராசிட்டமால் போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று ஃபார்வர்டு சுற்றுகிறது. 2025 செப்டம்பரில் டிரம்ப் கிளப்பியது. உறுதியான ஆதாரம் இல்லையென உலக சுகாதார நிறுவனம் அதே வாரம் சொல்லிவிட்டது.

1. அந்த ஃபார்வர்டை இங்கே பகிராதீர்கள்.

2. கர்ப்பிணிகள் கடும் காய்ச்சலை அப்படியே விடுவதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் போடுங்கள். அதற்குப் பதிலாக இப்யூபுரூஃபன் (இன்னொரு வலி, காய்ச்சல் மருந்து) வேண்டாம். டெங்கு காய்ச்சலிலும் அது ரத்தக்கசிவைக் கூட்டும்.

3. நிஜமான தப்பு அளவில்தான் நடக்கிறது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மி.கி.யும் உண்டு, 250-ம் உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100. சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது (அட்டையின் பின்பக்கம் பாருங்கள்). பாராசிட்டமாலோடு அதையும் சேர்த்துப் போட்டு அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

4. சங்க அலுவலக மாடியில் கூட்டம். வீட்டு மருந்து பாட்டில்களை எடுத்து வாருங்கள்.

வருபவர்கள் சனி இரவுக்குள் பதில் போடவும்.