பாப்பாவுக்கு, சேஸி வேலை பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்கள் வந்தன. போனில் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை என்று முனைக்கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் ஸ்பிட்ஃபயர் காரின் அடிச்சட்டமான சேஸி தனியாக, மேல்கூடான பாடி தனியாக. பாடியை மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருக்கிறாய், சரி. ஆனால் அது நிற்கிற இடம் மாப்பிள்ளை தன் வண்டியை விடுகிற இடமல்லவா? இந்த மழையில் அவர் வண்டியை எங்கே நிறுத்துகிறார்?

முதலில் வேலை விஷயம். ஸ்பிட்ஃபயரை ஹெரால்டு கார் என்று நினைத்து வேலை செய்யாதே. வண்டலூரில் செய்த ஹெரால்டுகளைப் பாதி ஆயுசு பிரித்துப் பூட்டியவன் சொல்கிறேன். நீ இருக்கிற கவென்ட்ரியில் 1959-ல் வந்தது ஹெரால்டு. அதன் சேஸியையே குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். ஹெரால்டில் சேஸியிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீண்டு ஓரச் சட்டங்களைப் பிடித்திருக்கும். உன் வண்டியில் அந்த ஓரச் சட்டமே கிடையாது. நடுவில் ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்கள்தான். மிச்சப் பலத்தைக் கதவுக்குக் கீழே இருக்கும் ‘சில்’ என்கிற பாடிப் பகுதி கொடுக்கிறது. பின் சக்கரத்தைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் முன்முனைகூட பாடியில்தான் மாட்டியிருக்கும். அதனால்தான் பாடியைத் தூக்கும் முன் இரண்டு கதவு வாயிலும் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து அங்கங்கே சின்னதாக வெல்டிங் (டாக்) அடிக்கச் சொன்னேன். வலது பக்கம் தெரிகிறது, இடது பக்கம் போட்டோவில் விழவில்லை. இருக்கிறதா? இல்லையென்றால் கதவு வாய் சுருங்கிவிடும். அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது.

அந்தப் பாடியைத் தூக்க நாலு பேராவது வேண்டும். யார் யார் வந்தார்கள் என்று உன் அம்மா கேட்டதற்கு ‘ஃபிரெண்ட்ஸ்’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கிறாய். போன பொங்கலுக்குப் பேசியபோது மாப்பிள்ளை பின்னால் நின்று ஸ்பேனர் பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாரே. அவரும் ஒரு பக்கம் பிடித்தார்தானே?

துருவை நீ நன்றாகவே கண்டுபிடித்திருக்கிறாய். பெட்டிச் சட்டம் உள்ளேயிருந்துதான் அரிக்கும். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்தது சத்தமே கொடுக்காது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்திருக்கிறாய். இங்கே எத்தனை பேர் துரு மேலேயே தகடு ஒட்டிப் பட்டி பூசி அனுப்புகிறார்கள், தெரியுமா? அந்த வெல்டிங் போட்டோவைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். “யார் சார் போட்டது?” என்றான் ஒரு பையன். என் மகள், ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் என்றேன். நம்பவில்லை.

ஆனால் ஒன்று. அந்த வெல்டிங் தையலைச் சுற்றிச் சூட்டில் வந்த நீலம் ஒரு சாண் அகலத்துக்கு ஓடியிருக்கிறது. நிறுத்தாமல் இழுத்திருக்கிறாய். ஏன் இந்த அவசரம்? ஒரு அங்குலம் போடு, விடு. எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் போடு, ஆறவிடு. சூடு ஒரே பக்கம் ஏறினால் சட்டம் இழுத்துக்கொள்ளும். சேஸியை நாலு ஸ்டாண்டில் மட்டம் பார்த்து வை. போல்ட் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வை. பிறகு சேஸியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை டேப் பிடித்து அள. இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதே. பெட்ரோல் டேங்க் கராஜுக்குள்ளேயே இருக்கக் கூடாது. கால்வனைஸ் என்கிற துத்தநாகப் பூச்சு உள்ள எதன் மேலும் வெல்டிங் வைக்காதே. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும், பக்கத்தில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். வெல்டிங் முடிந்தால் உடனே கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போகாதே. பொறி எங்காவது பஞ்சிலோ துணியிலோ விழுந்து கனிந்து, ஒரு மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும். யாராவது வீட்டில் இருக்கும்போதுதான் வெல்டிங். துரு வராமல் சட்டத்துக்குள் மெழுகு அடிப்பது எல்லா வெல்டிங்கும் பெயின்டும் முடிந்த பிறகுதான், முன்னால் அடித்தால் அதுவே எரியும். தனியாக இருக்கும்போது கிரைண்டரையும் எடுக்காதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சித்தி வீட்டு விசேஷத்துக்கு நீ கூப்பிட்டுப் பேசவில்லை என்று அவளுக்கு வருத்தம். வேலை அதிகம் என்று நான்தான் சமாளித்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டோ அனுப்புகிறாய், நான் கூப்பிட்டால் மட்டும் எடுப்பதில்லை. உன் அம்மா மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று அதிரசம் செய்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். பார்சலில் யார் பெயர் எழுதுவது என்று கேட்கிறாள். எப்போதும் அவர் பெயர்தானே என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று தம்பி பார்த்துச் சொல்கிறேன் என்றான். இரண்டு மாதம் வந்து இருந்தால் சேஸியை முடித்துப் பாடியை மேலே உட்கார வைத்துவிடலாம். டேப்பின் அந்த முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். குளிர் எனக்கு ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்லு. அவரிடம் கேட்க வேண்டியதில்லை என்றால், அதையும் எழுது.

அப்பா